ஆடிக்காற்றும் ஆறு மில்லிமீட்டர் தகடும்

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லாத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. அந்தச் சொல்லை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், 30 கிலோ எடை உள்ள ஓர் அம்மி. அதன் அடியில் காற்று புகுந்து, மொத்தப் பரப்பையும் மேல்நோக்கித் தள்ளுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அதைத் தூக்குவதற்கு மணிக்கு ஏறத்தாழ 215 கிலோமீட்டர் வேகம் வேண்டும்.

இதே கணக்கைப் பசுமைக்குடிலின் கூரைக்குப் போட்டால் எண்கள் கலவரப்படுத்துகின்றன. 4 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 10 கிலோ இருக்கும். அதைக் கிளப்ப 46 கி.மீ. வேகம் போதும். நடுவில் காற்றறைகள் உள்ள 6 மி.மீ. பாலிகார்பனேட் தகடு சதுர மீட்டருக்குச் சுமார் 1.3 கிலோதான், 17 கி.மீ. வேகத்திலேயே அது எழும்பத் தயார். 200 மைக்ரான் பாலித்தீன் தாளுக்கு வெறும் 6 கி.மீ., அதாவது ஆள் விரைந்து நடக்கும் வேகம். ஆக, எந்தக் குடிலின் கூரையும் தன் எடையால் நிற்பதில்லை. ஸ்க்ரூ, வாஷர், கிளிப், கம்பி, இவற்றை நம்பித்தான் அது மேலே இருக்கிறது. அவற்றில் ஒன்று தளர்ந்தால் என்ன நடக்கும் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி.

அரியலூர் மாவட்டத்துச் செந்துறை வட்டாரம் இந்தக் கேள்விக்குப் பொருத்தமான இடம். முந்திரிக்காடுகள் நிறைந்த செம்மண் பூமி இது. முந்திரியில் இப்போது விதைக்கன்றை விட ஒட்டுக்கன்றுக்குத்தான் மதிப்பு. விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்களை இளந்தண்டு ஒட்டு முறையில்தான் பெருக்குகிறார்கள். ஒட்டுக் கட்டிய முதல் சில வாரங்கள் அந்தக் கன்றுக்கு நிழல் வேண்டும், ஈரக்காற்று வேண்டும், அசைவு கூடாது. குழித்தட்டில் மிளகாய், தக்காளி நாற்று விடுகிறவர்களுக்கும் இதே தேவைதான். நிழல்வலையோ, பாலித்தீன் தாளோ, தகடோ, தலைக்கு மேல் உள்ளது ஓர் இரவு பிய்த்துக்கொண்டால் அடுத்த பருவத்துக்கான நடவே கேள்விக்குறியாகிவிடும். சோழமாதேவியிலும் பெரம்பலூர் மாவட்டம் வாலிகண்டபுரத்திலும் வேளாண் அறிவியல் மையங்கள் இருப்பதால், பாதுகாக்கப்பட்ட சாகுபடி இந்தப் பக்கத்து விவசாயிகளுக்குப் புதிய சங்கதியும் இல்லை.

காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. கட்டடங்களுக்கான காற்றுச் சுமையை வகுக்கும் இந்தியத் தரம் ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி. அது தரும் சூத்திரம் எளிது: விநாடிக்கு இத்தனை மீட்டர் என்ற வேகத்தை அதனாலேயே பெருக்கி, மறுபடி 0.6ஆல் பெருக்கினால், சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்பது கிடைத்துவிடும். மணிக்கு 60 கி.மீ. காற்றுக்குச் சதுர மீட்டருக்கு 17 கிலோ சுமை. 120 கி.மீ. ஆனால் 34 இல்லை, 68 கிலோ. அதே தரத்தின் பட்டியலில் திருச்சிக்கு விநாடிக்கு 47 மீட்டர், சென்னைக்கு 50 மீட்டர் என்று அடிப்படைக் காற்று வேகம் குறிக்கப்பட்டிருக்கிறது. 47 மீட்டர் என்றால் மணிக்கு ஏறக்குறைய 170 கி.மீ.; அதன் அழுத்தம் சதுர மீட்டருக்கு 135 கிலோ. இது தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில், 3 விநாடி நீடிக்கும் வீச்சின் வேகம். ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடியது. மானியத்தில் கட்டும் பசுமைக்குடில் குறைந்தது 120 கி.மீ. காற்றைத் தாங்க வேண்டும் என்பது தேசியத் தோட்டக்கலை வாரியத்தின் தொழில்நுட்ப விதி. குடில் தாழ்வானது, வீட்டைவிட ஆயுள் குறைந்தது என்பதால் இந்த இடைவெளியில் நியாயம் உண்டு. ஆனால் திருச்சிக்கும் கடலுக்கும் நடுவே குடில் போடுகிறவர், 120 என்பது உச்சவரம்பு இல்லை, கீழ்வரம்பு என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

செந்துறைக்கு மூன்று விதமான காற்று வருகிறது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து சமவெளியைத் தடவிக்கொண்டு போகும் மேற்குக் காற்று முதலாவது. அது நாள் முழுவதும் விடாமல் வீசும். உடைப்பதைவிட உலுக்குவதுதான் அதன் வேலை. சித்திரை, வைகாசியில் கோடைமழைக்கு முன்னால் இடிமேகத்திலிருந்து இறங்கிப் பரவும் காற்று இரண்டாவது. எந்தத் திசையிலிருந்தும் வரும், பத்து இருபது நிமிடத்தில் முடிந்துவிடும், வாழைத்தோப்புகளைச் சாய்ப்பது பெரும்பாலும் இதுதான். மூன்றாவது, ஐப்பசி முதல் மார்கழி வரை வங்கக்கடலிலிருந்து வரும் புயல்.

புயலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறி, பண்ருட்டிப் பக்கத்து முந்திரி, பலா மரங்களை வேரோடு சாய்த்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறி, டெல்டாவின் தென்னையைச் சூறையாடியது. செந்துறை இந்த இரண்டு பாதைகளுக்கும் நடுவில் இருக்கிறது. நம் பக்கத்துப் புயல்கள் இடஞ்சுழியாகச் சுழல்பவை. எனவே தானே வடக்கே கடந்தபோது இந்த வட்டாரத்துக்குக் காற்று வடமேற்கில் தொடங்கி மேற்கு, தென்மேற்கு என்று திரும்பியிருக்கும். கஜா தெற்கே கடந்தபோது வடகிழக்கில் தொடங்கிக் கிழக்கு, தென்கிழக்கு என்று திரும்பியிருக்கும். ஒரே ஊர், ஏழாண்டு இடைவெளியில் இரண்டு புயல், நேர் எதிர்த் திசைகள்.

இதில் குடில் போடுகிறவருக்கு ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது. இயற்கைக் காற்றோட்டக் குடிலின் உச்சியில் வெப்பம் வெளியேற ஒரு திறப்பு விடுவார்கள். பூச்சிவலை மட்டும் போட்டு அதை நிரந்தரமாகத் திறந்தே வைப்பது வழக்கம். மேற்குக் காற்று அடிக்கும் ஊரில் அதைக் கிழக்கு பார்த்து வைப்பதுதான் சரி. ஆடிக்காற்று கூரையைத் தாண்டும்போது அந்தத் திறப்பின் வழியே உள்வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு போகும். ஆனால் கஜா போன்ற ஒரு புயலின்போது அதே திறப்பு கிழக்குக் காற்றை நேராக உள்ளே வாங்கும். உள்ளே வாங்கிய காற்று சும்மா இருக்காது. கூரையை வெளியிலிருந்து உறிஞ்சும் விசையோடு உள்ளிருந்து தள்ளும் விசையும் சேர்ந்துகொள்ளும். சுவர்ப் பரப்பில் 5 விழுக்காட்டுக்குள் திறப்பு இருந்தால் உள்ளழுத்தக் கெழு, அதாவது காற்றழுத்தத்தில் உள்ளிருந்து தள்ளும் பங்கு, 0.2 என்றும், 20 விழுக்காட்டுக்கு மேல் போனால் 0.7 என்றும் ஐ.எஸ். 875 சொல்கிறது. ஒரு கதவு பிய்ந்தாலோ, ஒரு தகடு பறந்தாலோ, மிச்சக் கூரைக்கு விழும் சுமை அந்தக் கணமே கூடிவிடுகிறது என்பதுதான் இதன் பொருள்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு மீட்டருக்கு இரண்டு மீட்டர் அளவுள்ள தகடு. காற்று 120 கி.மீ. வெளி உறிஞ்சலும் உள் தள்ளலும் சேர்ந்து கெழு 1.5 என்று எடுத்தால், இரண்டரை கிலோ எடையுள்ள அந்தத் தகட்டை 200 கிலோ விசை மேலே இழுக்கிறது. பத்து ஸ்க்ரூ பிடித்திருந்தால் ஆளுக்கு 20 கிலோ, தாங்கும். கூரையின் விளிம்பிலும் மூலையிலும் காற்று சுருண்டு திரும்புவதால் அங்கே உறிஞ்சல் நடுக்கூரையைப்போல இரண்டு மடங்கு வரை போகும். எனவே நடுவில் போட்ட இடைவெளியிலேயே ஓரத்திலும் ஸ்க்ரூ போட்டிருந்தால், ஓரம்தான் முதலில் விட்டுக்கொடுக்கும். அங்கே ஒரு ஸ்க்ரூ ஏற்கெனவே தளர்ந்திருந்தால் அதன் பங்கைப் பக்கத்து இரண்டும் சுமக்க வேண்டும். அவற்றில் ஒன்று போனதும் அடுத்தது. புடவை ஓரத்தில் ஒரு தையல் அறுந்தால் இழுக்க இழுக்கப் பிரிந்துகொண்டே போகுமே, அதேபோலத்தான் ஒரு வரிசை முழுவதும் பிரிகிறது.

சரி, ஸ்க்ரூ ஏன் தளர்கிறது? பழியை எல்லாரும் காற்றின் மேல் போடுவார்கள். ஆனால் வேலையைத் தொடங்கிவைப்பது வெயில்.

பாலிகார்பனேட் தகடு வெப்பத்தில் மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, ஏறத்தாழ 0.065 மி.மீ. நீளும். அது உட்காரும் இரும்புக் குழாய் நீள்வது இதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அரியலூர் வெயிலில் மார்கழி விடியலுக்கும் சித்திரை நண்பகலுக்கும் தகட்டின் வெப்பநிலை 40 டிகிரி வேறுபடுவது சாதாரணம். மூன்று மீட்டர்த் தகடு அதற்குள் 8 மி.மீ. நீண்டு சுருங்குகிறது. ஸ்க்ரூவின் தடிமனுக்குச் சரியாகத் துளை போட்டு இறுக்கிவிட்டால், நீள இடமில்லாத தகடு அந்த ஸ்க்ரூவையே ஒவ்வொரு நாளும் தள்ளி இழுக்கும். வட்டத்துளை நீள்துளையாகும், வாஷர் ஓரம் கிழியும், துளையைச் சுற்றி மயிரிழை விரிசல்கள் ஓடும். ஆடிக்காற்று வரும்போது வேலை பாதி முடிந்திருக்கும்.

மீதிப் பாதியைப் பற்றி உலகம் கற்றது ஒரு பேரழிவிலிருந்து. 1974 கிறிஸ்துமஸ் அதிகாலையில் டிரேசி என்ற புயல் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்தைத் தாக்கி, பெரும்பாலான வீடுகளை நொறுக்கியது. அழிவை ஆராய்ந்த ஜார்ஜ் வாக்கர் என்ற பொறியாளரின் குழு கூரைத் தகடுகளைக் கூர்ந்து பார்த்தது. ஒரே பெரும் வீச்சில் கழன்ற தகடுகளைவிட, ஸ்க்ரூ தலையைச் சுற்றி விரிசல் விட்டுக் கழன்ற தகடுகள் கவனத்தை ஈர்த்தன. அதே தகடுகள் நிலையான சுமைச் சோதனையில் தேறியவை. புயலோ நிலையான சுமை அன்று. ஏறி இறங்கும் வீச்சுகள் மணிக்கணக்கில் தகட்டை மேலும் கீழும் வளைத்து, உலோகத்தைச் சோர்வடையச் செய்துவிட்டன. அதன் பிறகு கூரைத் தகடுகளை ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கிச் சோதிக்கும் வழக்கம் வந்தது. 1977இல் டவுன்ஸ்வில்லில் உள்ள ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு புயல் சோதனை நிலையம் தொடங்கப்பட்டது. டார்வினில் ஓர் இரவில் நடந்ததை நம் ஊர் மேற்குக் காற்று சிறு அளவில், பல வாரங்களுக்குப் பரப்பிச் செய்கிறது. கூரையில் கடகடவென்று ஒரு சத்தம் கேட்கத் தொடங்கினால் தகடு ஏற்கெனவே எண்ணிக்கையைத் தொடங்கிவிட்டது என்று கொள்ள வேண்டும்.

அப்படிச் சத்தம் கேட்ட தகட்டைப் பலர் இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அது நோயை வளர்க்கும். நீண்டுபோன துளையை விட்டுவிட்டுச் சற்றுத் தள்ளிப் புதிய துளை போட வேண்டும். அது ஸ்க்ரூவைவிடச் சில மில்லிமீட்டர் பெரிதாக இருக்க வேண்டும். அந்த இடைவெளியை மூட அகலமான உலோக வாஷர், அதன் கீழே மெத்தென்ற இ.பி.டி.எம். ரப்பர் வாஷர். ரப்பர் தட்டையாகி, ஓரம் லேசாகப் பிதுங்கியதும் நிறுத்திவிட வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் மெத்தையான பி.வி.சி. வாஷரைப் பாலிகார்பனேட்டில் போடக்கூடாது. அதிலிருந்து கசியும் இளக்கிப் பொருள் தகட்டில் விரிசல் உண்டாக்கும். புளிக்காடி வாசம் அடிக்கும் சிலிகானும் அப்படித்தான். நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்க வேண்டும். பழைய துளைக்குப் பட்டை ஒட்டி அடைப்பது மழைக்காக மட்டுமல்ல, விரிசல் அங்கிருந்து ஓடாமல் இருப்பதற்காகவும்.

ஸ்க்ரூ எல்லாம் சரியாக இருந்தும் தகடு பறப்பது உண்டு. உறிஞ்சும்போது தகட்டின் நடு மேலே வளைகிறது. வளைந்தால் அதன் அகலம் குறையும். குறைந்தால் இரு பக்க ஓரங்களும் இணைப்புச் சானலிலிருந்து உள்ளே இழுபடும். சானலுக்குள் ஓரம் ஒரு சென்டிமீட்டர் மட்டும் நுழைந்திருந்தால் அது நழுவி வெளியே வந்துவிடும். இரண்டு சென்டிமீட்டராவது உள்ளே உட்கார வேண்டும். கீழே தாங்கும் குறுக்குக் குழாய்களை நெருக்கிப் போட்டால் வளைவே குறையும். புதுக்குடில் போடுகிறவர் தகட்டின் தடிமனைக் கூட்டுவதைவிட இதற்குச் செலவழிப்பது மேல்.

தாள் போட்ட குடிலுக்கு வேறு சிக்கல். பிளாஸ்டிக் தாள் கூரையின் வரலாறு அமெரிக்காவின் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில், 1948 வாக்கில் தொடங்குகிறது. கண்ணாடிக்குப் பணமில்லாமல் எம்மெர்ட் என்ற பேராசிரியர் செல்லோஃபேன் தாளை மரச்சட்டத்தில் விரித்துப் பார்த்தார். தாள் மலிவுதான், ஆனால் படபடக்கும். 1960களின் நடுவில் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ராபர்ட்ஸ் இரண்டு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, நடுவே சிறிய மின்விசிறியால் காற்றை ஊதி விம்ம வைத்தார். விம்மிய தாள் படபடக்காது. குளிருக்கும் அது காப்பு. குளிரே பிரச்சினையாக இல்லாத நம் சமவெளியில் அந்த ஏற்பாடு பரவவில்லை. இங்கே ஒற்றைத் தாளை அலுமினியச் சானலில் வைத்து, மேலே ஜிக்ஜாக் ஸ்பிரிங் கம்பியை அழுத்திப் பூட்டுகிறோம். நல்ல ஏற்பாடு இது, இரண்டு நிபந்தனைகளோடு: கம்பியின் பிளாஸ்டிக் பூச்சு உரிந்திருக்கக் கூடாது, கம்பித் துண்டுகள் சேரும் இடத்தில் இடைவெளி விழக் கூடாது. உரிந்த கம்பி வெயிலில் காய்ந்து தாளைத் தேய்க்கும். இடைவெளியோ காற்றுக்கு நுழைவாயில்.

தாளை எப்போது பூட்டுவது என்பதிலும் கவனம் வேண்டும். பாலித்தீன் பாலிகார்பனேட்டைவிட மூன்று மடங்கு நீளும் பொருள். குளிர்ந்த விடியலில் விறைப்பாகப் பூட்டிய எட்டு மீட்டர்த் தாள், நண்பகலில் இருபது டிகிரி ஏறினால் மூன்று சென்டிமீட்டர் நீண்டு தொய்ந்துவிடும். தொய்ந்த தாளைக் காற்று அடிக்கும். நண்பகலில் பூட்டலாமென்றால் அப்போது காற்றே விடாது. இளவெயில் ஏறி, காற்று எழாத காலை நேரம்தான் இரண்டுக்கும் நடுவில் உள்ள சமரசம். மேலே கிடக்கும் தாளுக்கு மெலிந்த கயிற்றைக் குறுக்கே போட்டு இழுத்துக் கட்டுவதும் நடக்கிறது. அது ரம்பமாக அறுக்கும். அகலப் பட்டையாக இருந்தால் கெடுதல் இல்லை.

இத்தனையும் செய்து கூரையைக் கெட்டியாகப் பிடித்தாகிவிட்டது. இப்போது விசை எங்கே போகும்? தகட்டிலிருந்து ஸ்க்ரூவுக்கு, ஸ்க்ரூவிலிருந்து குழாய்க்கு, குழாயிலிருந்து தூணுக்கு, தூணிலிருந்து மண்ணுக்கு. எட்டு மீட்டருக்கு நான்கு மீட்டர் என்ற கட்டத்தில் தூண்கள் நிற்கும் குடிலில், நடுத்தூண் ஒன்றின் பங்கு 32 சதுர மீட்டர் கூரை. 120 கி.மீ. காற்றில், கெழு 1 என்று குறைத்து எடுத்தாலும், ஒரு தூணை மேலே பிடுங்கும் விசை இரண்டு டன்னைத் தாண்டுகிறது. ஓரடிச் சதுரத்தில் இரண்டடி ஆழக் குழி வெட்டிக் கான்கிரீட் போட்டால் அந்தக் கட்டியின் எடை 130 கிலோ. மீதியை எல்லாம் சுற்றியுள்ள மண்ணின் பிடிதான் கொடுக்க வேண்டும். செம்மண்ணை நன்றாகத் திமிசு போட்டு இறுக்கினால் அது பிடிக்கும். கரிசலில் கதை வேறு. கோடையில் கரிசல் சுருங்கி வெடிக்கும்போது கான்கிரீட்டைச் சுற்றி ஒரு விரல் நுழையும் இடைவெளி விழுகிறது. சித்திரைச் சூறைக்காற்று வருவது சரியாக அந்த நேரத்தில். அடியில் அகலும் குழி, தூணின் முனையில் குறுக்கே பற்றவைத்த இரும்புத் துண்டு, இந்த இரண்டும் மண்ணின் எடையையே நங்கூரமாக்கும். செலவு சில நூறு ரூபாய். தூண்களுக்கு இடையே மூலைக்கு மூலை போடும் சாய்குழாய்களை மிச்சம் பிடிக்கிற வழக்கத்தையும் இங்கேயே கண்டிக்க வேண்டும். அவை இல்லாத குடில் பிடுங்கப்படும் முன்பே பக்கவாட்டில் சரிந்துவிடும்.

காற்றைக் குடிலை எட்டும் முன்பே தளர்த்துவது இன்னொரு வழி. மதில் எழுப்பினால் தாண்டி விழும் காற்று பின்புறத்தில் சுழன்று இன்னும் மோசமாக அடிக்கும். பாதியை விட்டுப் பாதியைத் தடுக்கும் வேலிதான் சிறந்தது. மரவேலியின் உயரத்தைப்போலப் பத்து மடங்கு தொலைவு வரை வேகம் குறைந்திருக்கும். வாழைக்கு அகத்தியும் சவுக்கும் வரப்பில் வைக்கிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. கோயம்புத்தூரில் உள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் காற்றுத்தடுப்புக்கென்றே சவுக்கில் தனி வகைகளை வெளியிட்டிருக்கிறது. விழுந்தால் கூரையில் விழாத தூரத்தில் மரம் நிற்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

புயலுக்கு மட்டும் ஓர் அனுகூலம் உண்டு: அது சொல்லிவிட்டு வருகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை முன்னெச்சரிக்கையை நான்கு படிகளாக வெளியிடுகிறது. ஏறக்குறைய 72 மணி நேரத்துக்கு முன் முதல் படி, 48 மணி நேரத்துக்கு முன் இரண்டாவது, 24 மணி நேரத்துக்கு முன் மூன்றாவது. கடைசிப் படி 12 மணி நேரத்துக்கு முன் வருவது; கரையேறிய பிறகு உள்மாவட்டங்களில் என்ன ஆகும் என்பதை அதுதான் சொல்கிறது. கடற்கரை இல்லாத அரியலூர், பெரம்பலூர்க்காரர்கள் காத்திருந்து படிக்க வேண்டிய அறிக்கை அது. முதல் இரண்டு படிகளில் ஸ்க்ரூ வரிசை, குறிப்பாக ஓரமும் மூலையும், கதவுக் கீல், பக்கத்திரையின் சுருள் கம்பி, அருகில் சாய்ந்த கிளைகள் எல்லாவற்றையும் பார்த்து முடிக்கலாம். நிழல்வலையை மூன்றாவது படியிலேயே அவிழ்த்துச் சுருட்டிவிடலாம். இரண்டு ஆள் இருந்தால் அரைநாள் வேலை. உச்சித் திறப்பைப் பழைய தாள் வைத்து மூட வேண்டும், காற்று எந்தத் திசையில் தொடங்கும் என்பதைப் புயலின் பாதையை வைத்துக் கணக்கிட்டு.

கடைசிப் படியில் ஒரு கடினமான முடிவு மிஞ்சியிருக்கும். தாளின் ஆயுள் மூன்றாண்டு, சட்டத்தின் ஆயுள் பதினைந்து ஆண்டுக்கும் மேல். கணித்த வேகம் சட்டம் தாங்கும் அளவை நெருங்குகிறது என்றால், தாளைச் சானலிலிருந்து உருவி இறக்கிவிடுவதே நல்லது. உருவ நேரமில்லையென்றால் கத்தியால் கிழித்துவிட வேண்டும். தாள் இல்லாத சட்டத்தின் வழியே காற்று போய்விடும். உள்ளே இருக்கும் ஒட்டுக்கன்றுத் தட்டுகளை அதற்கு முன்னால் வீட்டுத் திண்ணைக்கோ களத்துக் கொட்டகைக்கோ மாற்றிவிட வேண்டும், வேர்ப்பை நனையத் தண்ணீர் ஊற்றிய பிறகு. தகடு போட்ட குடிலில் இப்படிக் கிழிக்க முடியாது. அங்கே தளர்ந்த தகடுகளை மட்டும் கழற்றி, ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையில் அடுக்கி, மேலே மணல் மூட்டை ஏற்றி, குறுக்கே கயிறு போட்டுக் கட்டி வைக்கலாம்; கழற்றிய இடத்தை ஒருபக்கத் திறப்பாக மட்டும் விடாமல் எதிர்ப்பக்கத்திலும் அதே அளவு கழற்றிவிட்டால், உள்ளே வந்த காற்று கூரையைத் தள்ளாமல் மறுபக்கம் வெளியேறும்.